நன்றியுரைக்கு இரண்டாம் பரிசு

ராக்கவே ஆற்றங்கரைத் தமிழ்ப் பண்பாட்டுப் பேரவைக்கு ஏற்கெனவே எட்டுக் குழுக்கள் இருந்தன. அவற்றில் பொங்கல் குழுவும் பொங்கல் பாத்திரக் குழுவும் தனித்தனி. ஒன்றாக இருந்து, ஒரு வெண்கலப் பானையின் மேல் வந்த மனஸ்தாபத்தில் பிரிந்தவை. ஒன்பதாவது குழு போன செப்டம்பரில் பிறந்தது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஒரு மாலை வகுப்பு நடக்கிறது, விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சல் வந்திருந்தது. பேரவையிலிருந்து ஒருவரும் போகவில்லை. போனால், உங்கள் வீட்டில் யாருக்கு என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டுவிடுவார். அதனால் சொந்தமாகவே ஒரு குழு அமைத்துவிட்டார்கள்.

குழுவின் பெயர் ‘சுயகாயத் தடுப்பு மற்றும் பண்பாட்டு மேம்பாட்டுக் குழு’. தலைவர் கிட்டுசாமி அங்கிள். வயது அறுபத்தொன்று, ஊர் கோபிச்செட்டிபாளையம், அமெரிக்காவுக்கு, இந்தப் பார்சிப்பனிக்கு வந்து முப்பது வருடம். பேரவையில் எந்தக் குழு பிறந்தாலும் தலைவர் அவர்தான். வேறு யாராவது வரட்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள் ஏற்புரையை ஆரம்பித்துவிடுவார். கலைப் பொறுப்பு மரகதம் ஆன்ட்டி. கூட்டக் குறிப்பு எழுதுவது சேனாபதி. தமிழில் மளமளவென்று தட்டச்சு செய்யத் தெரிந்தவன் பேரவையில் அவன் ஒருவன்தான் என்பதால் எட்டுக் குழுவுக்கும் அவன்தான் எழுதிக்கொண்டிருந்தான். ஒன்பதாவதையும் அவன் தலையில் கட்டினார்கள்.

சேனாபதியைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் வாசகரை ஏமாற்றியதாகும். பேரவை தடுக்கக் கிளம்பிய அந்தப் பழக்கம் அவனுக்கு இருந்தது. மூன்று வருடமாக. அது மனைவி சண்முகப்ரியாவுக்குத் தெரியாது, மகள் யாமினிக்குத் தெரியாது, உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

காரணம் கேட்டால் அவனிடம் பதில் இல்லை. வேலை போகவில்லை. கடன்காரன் கதவைத் தட்டவில்லை. காங்கேயத்தில் அப்பா அம்மா சுகமாக இருந்தார்கள். பதினோரு வருடம் காத்திருந்த கிரீன் கார்டு வந்த அன்று ப்ரியா கேக் வாங்கி வந்தாள், அவன் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். உள்ளே ஒன்றுமே தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னம் இருக்கும் நிலைமையில் மனிதன் முழுசாக இருந்தான். அப்படி இருப்பவன் ஏதாவது ஒன்று உறைக்கட்டுமே என்று செய்தது அது. உறைத்ததா என்றால் அதுவும் இல்லை, அவமானம் மட்டும் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்து மின்னஞ்சலை அவன் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆறு தடவை படித்தான். ஒன்பதாவது குழு என்றதும் மறுக்காமல் ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம். யாராவது ஏதாவது தெரிந்து பேசுவார்கள், அதில் தனக்கு வேண்டியது ஒரு வரி இருக்கும், யாரிடம் போய்ச் சொல்வது என்பதாவது தெரியும் என்று நினைத்தான்.

முதல் கூட்டம் ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ஹோட்டலின் மாடியில் நடந்தது. மெதுவடை வந்த பிறகு கிட்டுசாமி அங்கிள் எழுந்தார்.

“இது வெள்ளக்காரங்க வீட்டுப் பிரச்சினைங்க. அவங்க பிள்ளைக பதினெட்டு வயசுல தனியாப் போயிருது. நம்ம வீட்டுல அப்பா அம்மா கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறோம். தினம் ரசம் வைக்கறோம். மிளகு, சீரகம். நரம்புக்கு அதைவிட என்னங்க வேணும்? அதனால நம்மகிட்ட இது இல்ல. இல்லாதத எப்படித் தடுக்கறதுங்கறதுதான் இந்தக் கமிட்டிக்கு முன்னால இருக்கற சேலஞ்ச்.”

இல்லாததைத் தடுக்க முதலில் அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் அல்லவா. ஆகவே இப்படிச் செய்கிறவர் யார் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். ஒவ்வொரு அம்சத்தையும் ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, கை தூக்கி நிறைவேற்றினார்கள். பெண். வயது பதின்மூன்றிலிருந்து பதினேழு. மார்க் பி அல்லது அதற்கும் கீழே. கறுப்புச் சட்டை. காதில் எந்நேரமும் இயர்போன். கறுப்பு நகப்பூச்சு என்று ஒருவர் சொன்னபோது மரகதம் ஆன்ட்டியின் முகம் மாறியது. அவருடைய மகள் அன்று காலைதான் அதைப் பூசிக்கொண்டிருந்தாள். பத்து நிமிட விவாதத்துக்குப் பிறகு, ‘கறுப்பு நகப்பூச்சு, பரதநாட்டியம் கற்பவர் நீங்கலாக’ என்று திருத்தம் நிறைவேறியது.

சேனாபதி தட்டச்சை நிறுத்தினான். “ஏனுங்க அங்கிள், பெரியவங்க யாரும் பண்ண மாட்டாங்களாங்க? ஆம்பளைங்க?”

மேசையே சிரித்தது. “வீட்டு மார்ட்கேஜ் கட்டறவனுக்கு அதுக்கெல்லாம் ஏதுங்க டைம்?” என்றார் அங்கிள். “வேணுமின்னா எழுதிக்குங்க. பெரியவங்க விசயம் பரிசீலிக்கப்பட்டது, சிரிப்புக்கிடையே கைவிடப்பட்டதுன்னு.”

அவன் எழுதினான். சிரித்தானா என்று கேட்டால், சிரித்தான்.

இரண்டாவது கூட்டத்துக்கு நிபுணர் வேண்டும் என்றார்கள். மனநல மருத்துவரைக் கூப்பிட்டால் அவர் வந்துபோன வீட்டையெல்லாம் ஊர் ஒரு மாதிரி பார்க்கும் என்று பயம். ஆகவே டாக்டர் அல்பிரட்டைக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், முழங்கால் அறுவைச் சிகிச்சையில் கெட்டிக்காரர். பேரவைத் தலைவர்கள் மூன்று பேருடைய ஆறு முழங்கால்களும் அவர் கைப்பட்டவை.

“நான் முழங்கால் டொக்டர்,” என்று அவர் ஆரம்பித்தார். “இது என்ரை துறை இல்லை எண்டு போனிலயே சொன்னனான். எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். எங்கட ஆஸ்பத்திரியில அந்தப் பகுதியில வேலை செய்யிற ஆக்கள் சொல்லுறவை, ஆரும் பாக்கவேணும் எண்டு இதைச் செய்யிறேல்லையாம். ஒளிச்சு வைக்கிற ஆக்கள்தான் கனபேராம். எந்த வயசிலயும் வருமாம். ஆம்பிளையளுக்கும் வருமாம். ஏசாமல், பயப்படுத்தாமல் கேட்டாலே அரைவாசி உதவியாம். மிச்சத்தை அந்தத் துறை டொக்டரிட்டைக் கேளுங்கோ.”

மூன்று வருடத்தில் முதல்முறையாகத் தன்னைப் பற்றி ஒருவர் பேசிக் கேட்டதில் சேனாபதிக்கு விரல் ஓடவில்லை. டாக்டரின் கைபேசி அதற்குள் அடித்துவிட்டது. யாருக்கோ முழங்கால். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கிட்டுசாமி அங்கிள் நன்றி சொன்னார். “டாக்டர் ரத்தினச் சுருக்கமா சொல்லிட்டுப் போயிட்டாருங்க. இது எல்லாம் அடுத்தவங்க கவனத்த இழுக்கறதுக்காகப் பண்றது. நம்ம ஆளுங்க பண்ண மாட்டாங்க. பிள்ளைகளக் கொஞ்சம் பயத்துல வைக்கணும். ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்.”

“அவர் அப்படிச் சொல்லலீங்களே அங்கிள்,” என்றான் சேனாபதி.

“வரிக்கு வரி எழுதாதீங்க சேனாபதி. சாராம்சத்த எழுதுங்க.”

சாராம்சத்தின் அடிப்படையில் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. கவனம் வேண்டும் என்று செய்கிறார்கள். எனவே கவனம் கொடுக்கக் கூடாது. தடுப்புக் குழு எதையும் கவனிப்பதில்லை என்று ஏகமனதாக முடிவு செய்துவிட்டு எல்லோரும் காபி குடித்தார்கள்.

அன்று கூட்டம் கலைந்ததும் சேனாபதி அங்கிளைப் படிக்கட்டில் நிறுத்தினான். பேரவையில் ஓர் ஆளிடமாவது சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு வாரமாக மனத்துக்குள் சொல்லிப் பழகியிருந்தான். ஆனாலும் வாய்க்கு வந்தபோது அது வேறு ஆளுடைய கதையாக வந்தது.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இந்தப் பழக்கம் இருக்குதுங்க அங்கிள். நம்ம ஊர்க்காரர்தான். யாரப் பாக்கறதுன்னு கேக்கறாரு.”

அங்கிள் படியிலேயே நின்று யோசித்தார். “பேரவை மெம்பருங்களா?”

“மெம்பர்தானுங்க.”

“அப்படின்னா இருக்க முடியாதே. நம்ம மெம்பர்ஸ் எல்லாம் படிச்சவங்க, நல்ல குடும்பம். நீங்க தப்பாப் புரிஞ்சிருப்பீங்க.”

“மெம்பர் இல்லைன்னு வச்சுக்குங்களேன்.”

“மெம்பர் இல்லைன்னா நாம எப்படிங்க தலையிடறது? அது அவங்க சங்கத்துப் பிரச்சினை. முதல்ல மெம்பர் ஆகச் சொல்லுங்க. டிசம்பருக்குள்ள சேந்தா பொங்கல் சாப்பாடு ஃப்ரீ.”

அவன் தலையாட்டிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தான். கோபம் வர வேண்டிய இடம் அது என்று அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை. சாவியைத் திருகி வீட்டுக்குப் போய், சாராம்சத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினான்.

அடுத்து வந்தது கணக்கெடுப்பு. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் நூற்று நாற்பது பேருக்கும் படிவம் கொடுத்தார்கள். முதல் வரியில் பிள்ளையின் பெயர், இரண்டாவதில் பெற்றோர் பெயர், மூன்றாவதில் ‘உனக்கு இந்தத் தீய பழக்கம் உண்டா, ஆம் அல்லது இல்லை’, நான்காவதில் பெற்றோர் கையொப்பம். மரகதம் ஆன்ட்டி ஒவ்வொரு மேசையாகப் பின்னால் நின்று, எட்டிப் பார்த்து வாங்கினார். நூற்று நாற்பதும் ‘இல்லை’. இவ்வளவு துல்லியமான ஆய்வு அமெரிக்காவிலேயே நடந்ததில்லை என்று அங்கிள் சொன்னார். ஆய்வு முடிவைச் சட்டம் போட்டு நூலக அலமாரிக்கு மேலே மாட்டினார்கள். பேரவைக்கு நூலகம் கிடையாது, அலமாரி மட்டும் உண்டு.

துண்டறிக்கையும் அடித்தார்கள். மனக்கஷ்டத்தில் இருக்கும் யாரும் இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம் என்று அரசாங்கம் வைத்திருக்கும் 988 என்ற எண்ணை சேனாபதி கீழே சேர்த்து அனுப்பியிருந்தான். அச்சாகி வந்தபோது அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது. “நம்பரப் போட்டா நம்ம ஆளுங்க கூப்பிடுவாங்கன்னு ஆயிடுமில்ல,” என்றார் மரகதம் ஆன்ட்டி. “நெக்லஸ் போட்டா பாஸிட்டிவா இருக்கும்.”

விழா நவம்பரில், ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். நானூறு பேர் வந்திருந்தார்கள். தடுப்பு விழா என்பதால் வளாகத்தில் கூர்மையான பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று அங்கிள் உத்தரவு போட்டிருந்தார். சமையல் குழு வெங்காயத்தை வீட்டிலேயே நறுக்கி வந்தது. மாலை கட்டியவரின் ஊசி வாசலிலேயே பறிமுதல் ஆனது. திறப்பு விழா ரிப்பன் கட்டியிருந்தது, வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. சிறப்பு விருந்தினரான நகர்மன்ற உறுப்பினர் ஓர் அமெரிக்கர். அவர் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இருபது நிமிடம் ஆயிற்று. நாதஸ்வர ஒலிநாடா இரண்டு முறை முடிந்து மறுபடி ஓடியது. கடைசியில் அவர் குனிந்து ரிப்பனுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனார், ஜனங்களும் ஒவ்வொருவராகக் குனிந்து போனார்கள். கேக்கைக் கையால் பிட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறம் நாடகப் போட்டி. பேரவையில் போட்டி இல்லாத விழா கிடையாது. சுகாதாரம், போக்குவரத்து, வருமான வரி, எதைப் பற்றி விழிப்புணர்வு என்றாலும் அது நாடகமாகி, மூன்று நடுவர், இரண்டு பரிசு என்று போய் முடியும். ஆனால் இந்த முறை பெயர் கொடுத்தது ஒரே ஒரு நாடகம். ‘செல்வி திருந்தினாள்’. கறுப்புச் சட்டை போட்ட பெண், இயர்போன், பி மார்க். அப்பா அறைகிறார், அம்மா அழுகிறாள், ரசம் சாதம் வருகிறது, ஒரு வாய் சாப்பிட்டதும் செல்வி கறுப்புச் சட்டையைக் கழற்றி எறிகிறாள், உள்ளே பட்டுப் பாவாடை சட்டை. அரங்கம் அதிர்ந்தது. இரண்டாம் பரிசுக்கு ஆள் இல்லையே என்று மேடைக்குப் பின்னால் நடுவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

நன்றியுரை சேனாபதி. கையில் பட்டியல் இருந்தது. அரங்கம் தந்தவர்கள், ஒலிபெருக்கி தந்தவர்கள், தயிர் சாதம் தந்தவர்கள். தயிர் சாதம்வரை வாசித்தான். அடுத்த வரி, ‘நம்மிடையே இப்பிரச்சினை இல்லை என்று நிரூபித்த அனைவருக்கும்’ என்று அங்கிள் எழுதிக் கொடுத்தது. அதை அவனால் வாசிக்க முடியவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை, வாசித்தால் தான் இந்த அரங்கத்தில் இல்லை என்று தன் வாயாலேயே சொன்னதாகும் என்று தோன்றியது, அவ்வளவுதான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான்.

“இந்தப் பழக்கம் எனக்கு இருக்குதுங்க,” என்றான் மைக்கில். “மூணு வருசமா. எனக்கு நாப்பத்தி நாலு வயசு. ரசம் தினமும் சாப்படறேன். யாரும் பாக்கட்டும்னு செய்யலீங்க. யாரும் பாத்துரக் கூடாதேங்கற நெனப்புலயே பாதி நாள் போகுது. செத்துப் போகணும்னும் செய்யல. உள்ளுக்குள்ள ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது, அதனால. செஞ்சா தெரியுதான்னா அதுவும் இல்ல, அதுக்கப்பறம் இன்னும் மோசமாத்தான் இருக்குது. விட்டறலாம்னு பாக்கறேன், ஒத்தையா முடியல. எனக்கு யாராச்சும் உதவி பண்ணணும்.”

கரண்ட் பில் வாசிக்கிற குரலில்தான் சொன்னான். அவனுக்கு வேறு குரல் அப்போது இல்லை.

நானூறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்வரிசையில் கிட்டுசாமி அங்கிள் எழுந்து கை தட்டினார். அவரைப் பார்த்து வரிசை வரிசையாக எழுந்து தட்டினார்கள்.

மரகதம் ஆன்ட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். “ப்ரோக்ராம் லிஸ்ட்லயே இல்ல பாருங்க. சேனாபதி சார் மோனோ ஆக்டிங்க சர்ப்ரைஸா வச்சிருந்திருக்கார். எனக்கே தெரியாது.”

“இல்லீங்க ஆன்ட்டி. நெசமாத்தான்,” என்றான் சேனாபதி.

“இன்னும் கேரக்டர்லயே இருக்கார்,” என்றார் ஆன்ட்டி. அரங்கம் பெரிதாகச் சிரித்தது.

நடுவர்களுக்கு உயிர் வந்தது. கூடிப் பேசி, அங்கேயே கருத்தும் சொன்னார்கள். கரு நன்று. ஆனால் பாத்திரத் தேர்வில் நம்பகத்தன்மை இல்லை. வேலையில் இருக்கும் குடும்பஸ்தர் இப்படிச் செய்வார் என்பது கதைக்கு ஒட்டவில்லை. நடிப்பில் உணர்ச்சி பற்றாது. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீராவது வர வேண்டாமா என்று மூன்றாவது நடுவர் கேட்டார். முதல் பரிசு ‘செல்வி திருந்தினாள்’. இரண்டாம் பரிசு சேனாபதி. அங்கிள் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, கன்னத்தைத் தட்டி, “இவ்வளவு திறமைய வச்சுக்கிட்டு மினிட்ஸ் எழுதிட்டு இருக்கீங்களே,” என்றார்.

சேனாபதி மேடையில் நின்று போட்டோவுக்குப் பார்த்தான். சொல்லியாயிற்று. இதற்கு மேல் சத்தமாகச் சொல்ல ஒலிபெருக்கி கிடையாது. இனிமேல் யாரிடமும் சொல்வதில்லை என்று அங்கே, அந்தப் பொன்னாடையோடு, முடிவு செய்துகொண்டான். அப்படி முடிவு செய்தபோதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

சண்முகப்ரியா ஏழாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். உங்க வீட்டுக்காரர் இவ்வளவு நடிப்பாருன்னு சொல்லவே இல்லையே என்றார்கள். அவள் எழுந்தாள். யாமினியைத் தோழி வீட்டாருடன் அனுப்பிவிட்டு, மேடைப் படியருகே வந்து நின்று, “வாங்க போலாம்,” என்றாள். பந்தி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் அவளே சாவியை வாங்கி ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு நடிக்க வராதுங்க,” என்றாள்.

அவன் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

“எங்கக்கா ஆசையா உங்களுக்கு ஒரு சட்டை எடுத்துட்டு வந்தா. நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை பொய் சொல்ல உங்களால முடியல. மூஞ்சி காட்டிக் குடுத்துருச்சு. அப்படிப்பட்ட நீங்க இன்னைக்கி நானூறு பேரு முன்னால நடிச்சீங்களாக்கும்?” அவள் அவன் பக்கம் திரும்பினாள். அப்புறம் மெதுவாக, “மூணு வருசம்னது நெசங்களா?”

“நெசந்தான்.”

“வலிக்குதுங்களா?”

அப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. ஏன் செய்தாய் என்பதற்கும், எங்களை நினைத்துப் பார்த்தாயா என்பதற்கும் பதில் யோசித்து வைத்திருந்தான். இதற்கு வைத்திருக்கவில்லை. பயமாக இருந்தது. மூன்று வருடத்தில் அவமானம் தவிர அவனுக்குத் தோன்றிய முதல் உணர்ச்சி அதுதான். பயமா இருக்குது ப்ரியா என்று அதையே சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். கிட்டுசாமி அங்கிள், கையில் தயிர் சாதத் தட்டோடு. ப்ரியா கண்ணாடியை இறக்கினாள்.

“சாப்பிடாமப் போறீங்களே கண்ணு. சேனாபதி, டெக்சஸ்ல காப்பெல் பக்கத்துல இருந்து நம்ம பிரண்ட் ஒருத்தர் வந்திருக்காரு. பொங்கலுக்கு அவங்க சங்கத்துல இதே ஐட்டத்தப் போடணுமாம். டிக்கெட் அவங்களே எடுத்துருவாங்க. இந்த வாட்டி மட்டும் கடைசியில கொஞ்சம் அழுதீங்கன்னா—”

“அது ஐட்டம் இல்லீங்க அங்கிள்,” என்றாள் ப்ரியா. “அவரு சொன்னது அத்தனையும் நெசம்.”

அங்கிள் அவளைப் பார்த்தார், குனிந்து அவனைப் பார்த்தார். பொன்னாடை போர்த்திய ஆள் அழுதுகொண்டிருந்தான், நடுவர் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அங்கிள் கையில் தட்டு சாய்ந்து தயிர் சாதம் ஓரத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

“யாருகிட்டயும் சொல்லீராதீங்கம்மா,” என்றார் தாழ்ந்த குரலில்.

“சொல்லத்தானுங்க போறோம்,” என்றாள் ப்ரியா. “அவரு மைக்குல சொன்னாரு, நானூறு பேருக்குக் கேக்கல. நாளைக்கி டாக்டர்கிட்டச் சொல்றோம். அவருக்கும் கேக்கலைன்னா அடுத்த டாக்டர்கிட்டச் சொல்றோம். கேக்கற வரைக்கும் சொல்றோம். கொஞ்சம் தள்ளிக்குங்க, வண்டிய எடுக்கணும்.”

அவர் தள்ளிக்கொண்டார்.